கழிமுகத்துச் சேறு யார் வீட்டுச் சொத்து? நிலையான ஐசோடோப்புகள் சொல்லும் கணக்கு

கருப்பட்டி வாங்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான்: இதில் சீனி எவ்வளவு? நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, உடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆய்வகத்துக்குப் போனால் இன்னொரு வழி இருக்கிறது. பனைமரமும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாடு சர்க்கரையின் அணுக்களிலேயே பதிந்துவிடும். காய்ச்சினாலும் கரைத்தாலும் போகாது. கட்டியில் துளி எடுத்து எரித்து, வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால் பனை எத்தனை பங்கு, கரும்பு எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கடலோரச் சேற்றை வைத்தும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு கழிமுகத்தின் அடியில் கையை விட்டால் கறுப்பாகக் குழைந்த சேறு வரும். அதில் ஆறு அடித்துக்கொண்டு வந்த இலைச்சருகு இருக்கலாம், வயல் மண் இருக்கலாம், அலையாத்தி மரத்தின் இலை இருக்கலாம், கடற்புல், நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவைத் தாவரங்கள், ஊர்ச் சாக்கடை எல்லாமே இருக்கலாம். மக்கிப்போன பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் பழுப்பு நிறக் கூழ்தான் தெரியும். இந்தக் கரிமப் பொருள் எங்கிருந்து வந்தது, இதை யார் தின்கிறார்கள் என்பது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. இறால் குஞ்சுக்குச் சோறு போடுவது அலையாத்திக் காடா, கடலா என்பதற்கும், சேற்றில் புதையும் கார்பனைக் காட்டின் கணக்கில் எழுதலாமா என்பதற்கும், விரிகுடாவில் பாசி மண்டுவதற்கு உரம் காரணமா, கழிவுநீர் காரணமா என்பதற்கும் விடை அங்கேதான் தொடங்குகிறது.

ஐசோடோப்பு என்றதும் கதிர்வீச்சு நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பேசப்போவது அதுவல்ல. கார்பனில் பெரும்பகுதி, சுமார் 98.9 விழுக்காடு, கார்பன்-12. மீதி சுமார் 1.1 விழுக்காடு கார்பன்-13. இதில் ஒரு நியூட்ரான் கூடுதல், அதனால் எடை கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இரண்டும் சிதையாமல் அப்படியே இருக்கும்; அதனால்தான் ‘நிலையான’ ஐசோடோப்பு. தொல்லியலில் காலம் கணிக்கப் பயன்படும் கார்பன்-14 வேறு ஆள். நைட்ரஜனில் கனமான நைட்ரஜன்-15 சுமார் 0.37 விழுக்காடு இருக்கிறது. கந்தகத்தில் கந்தகம்-34 சுமார் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும் வேகம் ஒன்றல்ல. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதிக்கு லேசான கார்பன்-12 கொஞ்சம் சுலபமாகக் கைக்கு வரும். ஆகவே நெல், பனை, அலையாத்தி, பெரும்பாலான மரங்கள் எல்லாம் காற்றில் இருப்பதைவிடக் குறைவான விகிதத்தில்தான் கார்பன்-13ஐச் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றை சி-3 தாவரங்கள் என்பார்கள். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை சி-4 வகை. இவை கார்பன் டை ஆக்சைடை இலைக்குள் ஒரு தனி அறை போன்ற செல்லுக்குள் கொண்டுபோய் அடைத்து வைத்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. அடைபட்டது வெளியே தப்ப வழி குறைவு. பொறுக்கி எடுக்க நொதிக்கு வாய்ப்பும் குறைவு. அதனால் கார்பன்-13 இவற்றில் கூடுதலாகத் தங்கும். கடற்புல்லின் கதை வேறு. நீரில் கார்பன் டை ஆக்சைடு மெதுவாகத்தான் பரவும், அதனால் கடற்புல் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது; எண் சி-4 தாவரத்தின் எண் போலவே வந்துவிடும்.

அந்த ‘எண்’ என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். யாரும் கார்பன்-13ன் அளவை நேரடியாக எழுதுவதில்லை. ஒரு தரப்பொருளோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எத்தனை கூட அல்லது குறைய என்று எழுதுகிறார்கள். இதற்கு டெல்டா மதிப்பு என்று பெயர், குறி ‰. கார்பனுக்கு முதலில் வைத்த தரப்பொருள், அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பீ டீ என்னும் பாறை அடுக்கில் கிடைத்த, கணவாயின் தூரத்து உறவான ஒரு தொல்லுயிரியின் சுண்ணாம்பு எச்சம். அது எப்போதோ தீர்ந்துபோய், வேறு சுண்ணாம்புக்கல்லை வைத்து அதே அளவுகோலைத் தொடர்கிறார்கள். நைட்ரஜனுக்குத் தரப்பொருள் நாம் மூச்சிழுக்கும் காற்று. கந்தகத்துக்கு அரிசோனாவில் விழுந்த கான்யன் டயாப்லோ விண்கல்லில் இருந்த கனிமம். மூன்று தனிமத்துக்கு ஒரு தொல்லுயிரி, ஒரு காற்று, ஒரு விண்கல்!

தரப்பொருளில் கார்பன்-12 பத்து லட்சம் அணு இருந்தால் கார்பன்-13 சுமார் 11,180 இருக்கும். அலையாத்தி இலையின் மதிப்பு ஏறக்குறைய -28‰; அதாவது அதே பத்து லட்சத்துக்கு 10,867 அணு. வெப்பக் கடலின் மிதவைத் தாவரங்கள் -20‰ பக்கம் வரும், 10,956 அணு. கரும்பு -12‰, 11,046 அணு. கடற்புல்லும் பெரும்பாலும் -10 முதல் -12‰ வரை. பத்து லட்சத்துக்கு எண்பது தொண்ணூறு அணு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு காட்டையும் கடலையும் பிரித்தறிகிறோம். எல்லா எண்ணும் கழித்தல் குறியோடு இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தரப்பொருளான சுண்ணாம்பில் கார்பன்-13 அதிகம், உயிர்ப்பொருளில் குறைவு, அதனால்தான். -28ஐ ‘லேசு’ என்றும் -12ஐ ‘கனம்’ என்றும் சொல்வது இந்தத் துறையின் பேச்சு வழக்கு.

இவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தை அளக்க, சேறு பல கட்டம் தாண்ட வேண்டும். நீரில் மிதக்கும் துகள் வேண்டுமானால் நீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடிப்பார்கள். வடிதாளை முன்கூட்டியே சுமார் 450 டிகிரி செல்சியஸில் சுட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிரல் எண்ணெயும் கணக்கில் சேர்ந்துவிடும். சேறானால் உலர்த்தி, அரைத்து, அமில ஆவியிலோ நீர்த்த அமிலத்திலோ வைப்பார்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். சேற்றில் கிடக்கும் சிப்பித் தூளும் கார்பன்தான், ஆனால் அதன் மதிப்பு 0‰ பக்கம். துளி மிஞ்சினாலும் மொத்த எண்ணையும் கனமான பக்கம் இழுத்துவிடும். அமிலம் பட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை பொறுமை வேண்டும். ஆனால் நைட்ரஜனை அளக்க வேண்டிய பகுதிக்கு அமிலம் காட்டாமல் தனியே எடுத்து வைப்பது நல்லது, அமிலம் நைட்ரஜன் மதிப்பைக் கலைக்கக்கூடும். பிறகு சில மில்லிகிராம் தூளை உளுந்தளவு வெள்ளீயக் குப்பிக்குள் போட்டு மடித்து உலைக்குள் தள்ளினால் ஒரே நொடியில் எரிந்து வாயுவாகும். அந்த வாயு நிறை நிரல்மானிக்குள் போய், காந்தப் புலத்தில் வளைந்து, எடைவாரியாகப் பிரிந்து விழும்: 44 எடையுள்ள கார்பன் டை ஆக்சைடு ஒரு பக்கம், 45 இன்னொரு பக்கம். நல்ல கருவியில் பிழை 0.1 அல்லது 0.2‰க்குள் நிற்கும்.

எண் வந்ததும் கணக்கு எளிது. கழிமுகச் சேற்றின் மதிப்பு -23 என்று வைத்துக்கொள்வோம். நிலத்து மூலம் -28, கடல் மூலம் -20. இரண்டுக்கும் இடைவெளி 8. கடல் முனையிலிருந்து சேறு தள்ளி நிற்பது 3. எட்டில் மூன்று, அதாவது சேற்றுக் கார்பனில் சுமார் 37.5 விழுக்காடு நிலத்துச் சரக்கு. இதற்கு இருமுனைக் கலப்புக் கணக்கு என்று பெயர். கருப்பட்டிக்கும் இதேதான். ஆனால் கருப்பட்டியில் கரும்புச் சீனிக்குப் பதிலாகப் பீட்ரூட் வகைச் சீனியைக் கலந்தால்? பீட்டும் சி-3, பனையும் சி-3. கார்பன் எண் வாய் திறக்காது. கடலோரத்திலும் இந்த முறையின் பலமும் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கின்றன. அதற்கு மிக நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கடலோரத்தில் இருக்கும் சபெலோ தீவு.

புகையிலைத் தொழிலில் சொத்துச் சேர்த்த குடும்பத்து வாரிசு ஒருவரின் கைவசம் இருந்த அந்தத் தீவில் 1953ல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஒரு கடல் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. தீவைச் சுற்றி அலையேற்றத்தில் மூழ்கி எழும் உப்புச் சதுப்பு. அதில் கண்ணுக்கெட்டிய தூரம் ஸ்பார்டினா என்னும் ஒரே வகைப் புல். 1962ல் சூழலியலாளர் ஜான் டீல் அங்கே ஓர் ஆற்றல் கணக்குப் போட்டார். புல் உண்டாக்கும் உணவில் சதுப்பிலேயே செலவாகிறதை எல்லாம் கழித்துப் பார்த்தால் 45 விழுக்காடு மிஞ்சியது. மிஞ்சியது அலையோடு வெளியே போய்க் கழிமுகத்து உயிர்களுக்கு உணவாகிறது என்றார். 1968ல் இன்னொரு சூழலியலாளர் யூஜீன் ஓடம் இதை ஒரு பொதுக் கருத்தாகவே முன்வைத்தார்: சதுப்பு நிலம் தன் மிகுதியைக் கடலுக்கு ஊட்டுகிறது. அவர் மகன் வில்லியம் ஓடமும் எரிக் ஹீல்டும் 1970களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் அலையாத்திக் காட்டுக்கும் இதையே சொன்னார்கள்: இலை விழுகிறது, மக்குகிறது, மக்கைச் சிற்றுயிர் தின்கிறது, அதை மீன் தின்கிறது. அழகான கருத்து, சதுப்பு நிலங்களை மேடாக்கி விற்காமல் காப்பாற்றவும் பெரிதாக உதவியது. ஆனால் மிஞ்சியது கடலுக்குத்தான் போகிறது என்பதை யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அது கழித்தல் கணக்கில் கிடைத்த விடை.

ஸ்பார்டினா சி-4 புல், மதிப்பு -13‰ பக்கம். கடல் மிதவைத் தாவரம் -20‰ பக்கம். சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. 1970களின் பிற்பகுதியில் ஈவ்லின் ஹெய்ன்ஸ் அதைச் செய்தார். புல் கடலுக்குச் சோறு போடுவது உண்மையானால் நீரில் மிதக்கும் துகள் -13 பக்கம் சாய வேண்டும். அது சாயவில்லை, மிதவைத் தாவரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கண்ணெதிரே ஆயிரக்கணக்கான ஏக்கர் புல், தண்ணீரில் அதன் சாயல் காணோம். ஊட்டும் கருத்து ஆட்டம் கண்டது.

அதோடு முடிந்திருந்தால் பாடநூலில் இரண்டு வரியாகியிருக்கும். ஆனால் ஒரு சிக்கல் உடனே தெரிந்தது. ஆறு கொண்டுவரும் காட்டு மரச் சருகு -27. ஸ்பார்டினா -13. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் -20. மிதவைத் தாவரமும் -20! துகளில் ஒரு துளி மிதவைத் தாவரம்கூட இல்லாமலே அந்த எண் வரலாம். பத்தாததற்கு, ஸ்பார்டினா மக்கும்போது சர்க்கரை வகைகள் முதலில் போய் லிக்னின் என்னும் மரச்சத்து மிஞ்சுகிறது. லிக்னின் முழுப் புல்லைவிடச் சில ‰ லேசு. மக்க மக்கப் புல்லின் எண்ணே கடல் பக்கம் நகர்ந்துவிடும். மூன்று மூலத்துக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நியாயம் தீர்க்க முடியாது. இரண்டு தெரியாத எண்களுக்கு ஒரு சமன்பாடு போதாது என்று பள்ளியிலேயே படித்ததுதான்.

முடிச்சை அவிழ்த்தது கந்தகம். கடல்நீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டின் கந்தகம்-34 மதிப்பு சுமார் +21‰. மிதவைத் தாவரம் அதை அப்படியே எடுத்துக்கொள்வதால் அதன் எண்ணும் அதன் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் சதுப்பின் அடிச்சேற்றில் காற்று இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை சல்ஃபைடாக்கி மூச்சு விடுகின்றன. சதுப்பில் கால் வைத்ததும் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்தச் சல்ஃபைடு மிகவும் லேசு. ஸ்பார்டினாவின் வேர் அதையும் உறிஞ்சுவதால் புல்லின் கந்தக எண் கடலின் எண்ணைவிட வெகுவாகக் கீழே இறங்குகிறது. நிலத்து மரமும் கடல் அளவுக்கு உயராது. இப்போது மறுபடி பாருங்கள்: கார்பன் எண் -20 என்று வரும் ஒரு துகள் உண்மையில் மிதவைத் தாவரமானால் கந்தக எண் +20 பக்கம் இருக்க வேண்டும், மரமும் புல்லும் கலந்த கலவையானால் கந்தகம் கீழே கிடக்கும். கார்பன் ஒன்றாகக் காட்டியதைக் கந்தகம் இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

புரூஸ் பீட்டர்சன், ராபர்ட் ஹோவார்த், ராபர்ட் கேரிட் மூவரும் 1985ல் கார்பன், நைட்ரஜன், கந்தகம் மூன்றையும் சேர்த்து இதைச் செய்து காட்டினார்கள். இடம் அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பகுதிச் சதுப்பு ஒன்று. ஆள், நீரை வடிகட்டித் தின்னும் ஒரு மட்டி. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். மட்டி ஊர் சுற்றாது. ஒட்டிய இடத்தில் வாழ்நாள் முழுவதும் வருகிற நீரைத் தின்றுகொண்டிருக்கும், அதனால் அதன் சதை அந்த இடத்து நீரின் பல மாதச் சராசரி. கடலுக்குத் திறந்த பக்கம் ஒட்டிய மட்டி மிதவைத் தாவரத்தின் எண்ணைக் காட்டியது. சதுப்பின் உள்ளே போகப் போகப் புல்லின் எண் கூடியது. ‘புல்லா, மிதவையா’ என்ற கேள்விக்கு விடை ‘எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது’ என்று வந்தது. பீட்டர்சனும் ஹோவார்த்தும் 1987ல் சபெலோவிலேயே இதே முறையில் பார்த்தார்கள். புல்லுக்கும் பங்கு உண்டு, மிதவைத் தாவரத்துக்கும் பங்கு உண்டு, நிலத்துச் சருகுதான் பெரிய பொருட்டல்ல என்று தெரிந்தது. ஓடம் சொன்னது முழுக்க உண்மையில்லை, அவரை மறுத்ததும் முழுக்க உண்மையில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், ஆந்திராவில் கோதாவரி டெல்டாவின் கோரிங்கா அலையாத்திக் காடு இந்த முறையில் நன்றாகப் பார்க்கப்பட்ட இடம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பூயோனும் இந்திய ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட ஆய்வுகளில், நீரில் மிதந்த துகளோடு அதைத் தின்னும் விலங்கு மிதவைகளின் (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளின்) எண் ஒட்டவில்லை. வாய் நிறைய நிலத்துச் சருகு வந்தாலும் அவை மிதவைத் தாவரத்தைப் பொறுக்கித் தின்றிருக்கின்றன. காட்டுக்குள் வாழும் நண்டு, நத்தைகளிலும் அலையாத்தி இலையை நம்பி வாழ்கிறவை சில இனங்களே. அலையாத்திக் காட்டுக்கு இதனால் மதிப்புக் குறைகிறது என்று நினைத்தால் அது அவசரம். வேர்களின் இடுக்கில் ஒளிந்து தப்பும் குஞ்சுக்கு அந்த மரம் வீடு. சோறு வேறிடத்திலிருந்து வருகிறது, அவ்வளவே. காட்டைக் காப்பதற்கான காரணமாக ‘இலைதான் இறாலுக்கு உணவு’ என்று எழுதிக்கொண்டிருப்பதை மட்டும் நிறுத்தினால் நல்லது.

கோரிங்காவோடு இலங்கையின் காலியையும் பம்பலையையும் சேர்த்துச் சேற்றைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. கார்பன் மிகுந்த சேற்றில் அலையாத்தியின் கை ஓங்கியிருக்கிறது. கார்பன் குறைந்த சேற்றிலோ, அலையும் ஆறும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட சரக்கே பெரும்பங்கு. ‘நீலக் கார்பன்’ என்று சொல்லி அலையாத்திச் சேற்றில் புதைந்த கார்பனுக்கு விலை பேசும் காலம் இது. ஏக்கருக்கு இத்தனை டன் என்று எழுதும் முன் அதில் எத்தனை டன் அந்த மரத்தினுடையது என்று கேட்பதுதான் முறை.

நைட்ரஜனுக்கு இரண்டு வேலை. ஒன்று, யார் யாரைத் தின்கிறார்கள் என்று காட்டுவது. விலங்குகள் லேசான நைட்ரஜனைக் கழிவாக அதிகம் வெளியேற்றிவிடுவதால், உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் எண் சுமார் 3.4‰ ஏறும். பாசி +5 என்றால் அதைத் தின்பது +8.4, அதையும் தின்பது +11.8 பக்கம். கார்பன் ஒரு படிக்கு ஒன்றைத் தாண்டுவது அரிது. அதனால் கார்பன் ‘எங்கிருந்து’ என்பதையும் நைட்ரஜன் ‘எத்தனாவது படி’ என்பதையும் சொல்கின்றன. இரண்டாவது வேலை, மாசின் மூலத்தைக் காட்டுவது. செயற்கை உரம் காற்றிலிருந்து செய்யப்படுவதால் அதன் எண் 0 பக்கம். மனிதக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் பெரும்பாலும் +10க்கு மேல்.

இதை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்குப் பக்கத்தில் உள்ள மோர்ட்டன் விரிகுடாவில் அழகாகப் பயன்படுத்தினார்கள். ஒரு வகைச் செம்பாசியைத் துளையிட்ட ஒளிபுகும் குப்பிகளில் போட்டு, விரிகுடா முழுக்கப் பல இடங்களில் நீருக்குள் கட்டித் தொங்கவிட்டு, நாலு நாள் கழித்து எடுத்து அளந்தார்கள். பாசியின் நைட்ரஜன் எண் எங்கே கனத்ததோ அங்கே கழிவுநீர் எட்டியிருக்கிறது. எண்களை வரைபடத்தில் குறித்தபோது கழிவுநீர் பரவும் எல்லை கோடு போட்டது போலத் தெரிந்தது; சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்திய பிறகு அந்த எல்லை சுருங்கியதும் தெரிந்தது. நீரை மட்டும் எடுத்து நைட்ரேட்டை அளந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் வந்த நைட்ரேட்டைப் பாசிகள் உடனே தின்றுவிடும். நீரில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் எண் கனத்தாலே கழிவுநீர் என்று முடிவு கட்டக்கூடாது. காற்றில்லாச் சேற்றில் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும்போது லேசானது முதலில் போய், மிஞ்சும் நைட்ரேட் தானே கனத்துவிடும்.

மாணவர்கள் இந்த முறையைக் கையில் எடுக்கும்போது வரும் பெரிய தொல்லை, மூல எண்களை எங்கோ படித்த கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்வது. -20 என்பது திறந்த கடலின் மிதவைத் தாவரத்துக்குத்தான். கழிமுகத்தின் உள்ளே, மக்கும் சருகிலிருந்து வரும் லேசான கார்பன் டை ஆக்சைடை உண்டு வளரும் மிதவைத் தாவரம் -25க்கும் கீழே இறங்கி, அலையாத்தி இலை போலவே வேடம் போடும். பாக் நீரிணை போலக் கடற்புல் மண்டிய இடமானால் கடற்புல்லும் அலையாத்தியும் கலந்து -20ஐக் காட்டும், சபெலோ சிக்கல் அப்படியே திரும்பும். துணைக்குக் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது மலிவான உதவி: மிதவைத் தாவரத்தில் நைட்ரஜன் அணு ஒன்றுக்குக் கார்பன் ஆறு ஏழுதான் இருக்கும், மர இலையில் அதைப்போலப் பல மடங்கு. மிக்ஸ்சையர் போன்ற இலவசக் கலப்புக் கணக்கு மென்பொருள்கள் வந்துவிட்டன. ஐந்து மூலம் கொடுத்தால் ஐந்துக்கும் விழுக்காடு தரும். என்ன கொடுத்தாலும் ஏதோ ஒரு விடை தரும் என்பதுதான் அவற்றிடம் எனக்குள்ள பயம். மூலங்கள் இரண்டின் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மென்பொருள் அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஊகம்தான்.

ஆகவே பிச்சாவரத்திலோ வேறெங்கோ தொடங்குகிறவர்கள் சேற்றை எடுக்கும் அன்றே அந்த இடத்து இலை, சருகு, பாசி, கடற்புல், மேலே ஆற்றின் மிதவைத் துகள், வெளியே கடலின் மிதவைத் துகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பச்சை இலை மட்டும் போதாது, மரம் உதிர்க்கும் மஞ்சள் இலையும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, வெள்ளம் வடிந்த பின் ஒரு முறை. பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது என்றால் சேற்று மாதிரிகளைக் குறைத்துக்கொண்டு மூல மாதிரிகளைக் கூட்டலாம்.